துரியோதனனுக்கு இரட்டைத் தாடை

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்துகளுக்கு அடியில் படுத்தே இருபது வருடம் கழித்த மெக்கானிக் கஜபதி. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் அவர் காலடியில் ஓர் அரசன் படுத்திருப்பான். பாரிவாக்கம் திரௌபதி அம்மன் தீமிதிக்கு முன்பு, திடலில் முப்பதடி நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைச் செய்வது அவர் குடும்பத்து முறை. பீமன் வேஷக்காரன் தொடையில் அடிப்பான், உள்ளே புதைத்த செந்நீர்ச் சட்டி உடையும், ஊர் ஆர்ப்பரிக்கும். தொடையில் அடிப்பது யுத்த தர்மமல்ல என்று கஜபதிக்குத் தெரியும். சட்டியைத் தொடையில் புதைப்பவரும் அவரேதான்.

இந்த வருடம் மண் முகத்துக்குக் கண் திறந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். முறுக்கு மீசை, இரட்டைத் தாடை, ஏறிய இடது புருவம். விழாக் குழுத் தலைவர் நாகேந்திரனேதான்! வேண்டுமென்று செய்யவில்லை. ராஜகளை என்றதும் கைக்குத் தெரிந்தது, தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கும் தலைவரின் பேனர் முகம் ஒன்றுதான்.

அடுத்த வருடம் முதல் ஃபைபரில் ஒரு துரியோதனனை வாங்கிவிடலாம் என்று நாகேந்திரன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். இனி முறை போனது போனதுதான்.

மாலையோடு வந்த மனைவி தாட்சாயிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாய்யா, தலைவரையே படுக்க வெச்சிகீறே?"

"அழிச்சிடட்டா?"

"கண்ணு தொறந்துட்டு கைய வெச்சா ஆத்தா சும்மா உடுவாளா?"

நாகேந்திரன் நான்கு வெள்ளைச் சட்டைகளோடு வந்து தலைமாட்டில் நின்றார். மேளம் தானாக நின்றது.

"யாருபா இது?"

"துரியோதனன், அண்ணாத்தே," என்றார் கஜபதி.

பீமன் வேஷம் கட்டிய கோபி தண்டத்தை ஓங்கிவிட்டு, நாகேந்திரனைப் பார்த்தான். "அடிக்கட்டா தலைவரே?"

வேண்டாமென்றால், அது தன் முகம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "அடிடா! என்னிய இன்னாத்துக்குக் கேக்குறே?"

சட்டி உடைந்தது. உடனே வழக்கம்போல் ஊர் பாய்ந்தது; அந்த மண் வந்த வீடு செழிக்குமாம். முன்பு வயலில் தூவினார்கள். இப்போது அடுக்ககத்துக்காரர்கள் ரோஜாத் தொட்டிக்குக் கவரில் அள்ளுகிறார்கள். ஜெயித்த பீமனின் காலடி மண்ணை யாரும் கேட்டதில்லை. அடிதடியெல்லாம் செத்தவன் மண்ணுக்குத்தான். இந்த முறை கைகால்களை விட்டுவிட்டு எல்லோரும் முகத்துக்கே மோதினார்கள்.

நாகேந்திரனின் மார்பு மெல்ல நிமிர்வதைக் கஜபதி கவனித்தார். மிச்சமிருந்த மீசையிலிருந்து தலைவரும் ஒரு பிடி எடுத்துக் கர்சீப்பில் முடிந்துகொண்டார்.

"ஃபைபர்ல செஞ்சா ஜனம் இன்னாத்த அள்ளினு போவும்? அடுத்த வருசமும் நீயே பண்ணு, கஜபதி."

இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"அந்தத் தாடைய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோ."