பூவில்லாத மூன்று கொடிகள்

ரோஷன் பேகத்துக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்று காலை தாவரவியல் ஆய்வகத்து மேசையை அவள் துடைத்த துடைப்பில் பாலிஷே பெயர்ந்துவிடும் போலிருந்தது. கோபம் வராதா பின்னே? திருச்சியில் அந்தக் கல்லூரியின் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறைக்கு, முதல்முறையாக ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையைப் பார்த்துக்கொண்டவள் அவள். விண்ணப்பம் போட்டாள். பட்டம் இல்லை என்று துறைத் தலைவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதோடு விட்டாரா? நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் காட்டக் கொடிகள் வேண்டும், நீயே போய்ப் பறித்து வா என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்று, பாலக்கரையிலிருந்து தரை பெருக்க வந்தவள்தான். ஆனால் செய்முறைத் தேர்வு வந்தால் ஜீயபுரம் வாய்க்கால் கரையிலும் ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரையிலும் அலைந்து செடி கொண்டுவந்தது யார்? பூவைப் பார்த்துச் செடியின் குடும்பம் சொல்வது என்ன பெரிய வித்தை என்பாள். பூ சில நாள் இருக்கும், போய்விடும். செடி எப்படி நிற்கிறது, எங்கே கிளை விடுகிறது, எதைப் பிடித்து ஏறுகிறது என்று பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். அவள் தேடிக் கொண்டுவந்து ஒட்டிய தாள்களில் எல்லாம் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் தலைவரின் பெயர்தான் இருக்கிறது.

வேண்டுமென்றேதான் பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டு மூன்று கொடிகளை மேசையில் வைத்தாள். தலைவரிடமே ஆராய்ச்சி செய்த சித்தார்த்தன் முதலில் வந்தான். வேலை அவனுக்குத்தான் என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மூன்றிலும் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி இருக்கிறது, ஆகவே மூன்றும் பூசணிக் குடும்பம் என்றான். வெளியூரிலிருந்து நிபுணராக வந்திருந்த பிரேமலதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பூவோடு கொண்டுவரத் தெரியாதா என்று தலைவர் ரோஷன் பேகத்தின் மேல் எரிந்து விழுந்தார்.

"பூ எதுக்குங்க சார்? கம்பி எங்கேர்ந்து கெளம்புதுன்னு பாத்தாப் போதும். இதுல இலைக்கு நேர் எதிர்ல கெளம்புது, திராட்சைக் குடும்பம். இதுல இலைக்காம்புக்குப் பக்கவாட்டுல. இது கோவை, இது ஒண்ணுதான் பூசணிக் குடும்பம். இது இலைக்கும் தண்டுக்கும் நடு இடுக்குல வருது பாருங்க, சிறுபூனைக்காலி. பாசிஃபுளோரா குடும்பம்."

இவர் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று பிரேமலதா கேட்டார். தலைவர் அவளுடைய எட்டாம் வகுப்புப் படிப்பைச் சொன்னார். அனுபவ அறிவு அபாரம் என்று மனதாரப் பாராட்டிவிட்டு, சாயங்காலம் சித்தார்த்தன் பெயருக்கு நேராகவே பிரேமலதாவும் கையெழுத்துப் போட்டார். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போகிற போக்கில், சித்தார்த்தன் தம்பிக்கு எல்லாவற்றையும் மெல்லச் சொல்லிக் கொடுத்துவிடு என்றார் தலைவர். ரோஷன் பேகம் வாளியைக் கீழே வைத்தாள்.

"மாட்டேங்க சார். அடுத்த வியாழக்கிழமை செய்முறைத் தேர்வுக்கும் செடி கொண்டாற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், தம்பியைப் போகச் சொல்லுங்க."

தலைவர் சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் செய்தவள் செய்யாமலா போய்விடுவாள் என்று நினைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. வாசலில் நாற்பது மாணவர்கள் காத்திருந்தார்கள். சித்தார்த்தன் எங்கே போவது என்று தெரியாமல் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ரோஷன் பேகத்துக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. தலைவர் ஓடிவந்தார். மேசை மேல் செடி வைக்க வேண்டிய நாற்பது தட்டுகளும் காலியாக இருந்தன.

"என் வேலைய முடிச்சிட்டேங்க சார்," என்றாள். "தட்டெல்லாம் கழுவி வச்சிருக்கேன்."