ஏழாம் நம்பர் பெட்டியில் நான் வைத்த நண்டு

அஞ்சலையின் பெட்டியில் அந்தத் தண்ணி நண்டை வைத்தவள் நான்தான். கை தவறி விழவில்லை. வேண்டுமென்றே வைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் எதிரில் எனக்கு நாக்கே எழும்பாது. அஞ்சாவது படித்த எழுத்தில் எழுதுகிறேன்... பொறுத்துப் படியுங்கள்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகிற வழியில் ஒரு நண்டுக் கம்பெனி. அங்கேதான் எங்களுக்கு வேலை. அஞ்சலை என் வீட்டுக்காரரின் தங்கை. சேற்று நண்டின் கொடுக்கை உயிரோடு கயிற்றால் கட்டி, துளை போட்ட தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, ஈரச்சாக்கு போடுவோம். மத்தியானம் வண்டி சென்னைக்குப் போகும். அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர். இறங்கும்போதும் நண்டு உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் மானமே அதில்தான்.

புதிதாக ஓடு மாற்றிய நண்டுக்கு உடம்பு இளசாக இருக்கும். அதுதான் தண்ணி நண்டு. அடிவயிற்றைக் கட்டைவிரலால் அமுக்கினால் தெரிந்துவிடும். வழியிலேயே செத்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் தனிக்கூடையில் ஒதுக்கிவிடுவோம்.

கட்டியவள் நம்பரைப் பெட்டியில் ஒட்டுவார்கள். எனக்கு நாலு, அவளுக்கு ஏழு. அப்போது நான் கட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷம். அவள் வந்து இரண்டே வருஷம்...

ஒருநாள் சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும், "சிங்கப்பூர்காரன் ஏழாம் நம்பர் பொட்டிதான் வேணும்னு கேக்குறான்," என்றார்.

அஞ்சலை சிரித்தாள். "எங்க அண்ணி கட்டுறதும் அப்படித்தான் சார் இருக்கும். அவுங்களுக்கு வாயில்ல, அதான் யாருக்கும் தெரியல."

அவள் கர்வப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்காகப் பரிந்து பேசினாளே...

மறுநாள் அவள் டீ குடிக்கப் போனாள். பெட்டிக்கு டேப் ஒட்டவில்லை. ஒதுக்கிய கூடையிலிருந்து ஒன்றை எடுத்தேன். என் முடிச்சு தெரியாமல், அவள் போடுகிற மாதிரியே முடிச்சுப் போட்டு, நடு அடுக்கில் செருகினேன். ஈரச்சாக்கைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் போனுக்குப் போட்டோ வந்தது. அந்தப் பெட்டியில் பாதி செத்துக் கிடந்தது. அவர் திட்டவில்லை. "இன்னாக்கா, நீயா இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தேனே சார்..." என்றாள் அஞ்சலை. அப்புறம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரே நண்டை நாலு தரம் அமுக்கினாள். மூடிய பெட்டியைத் திரும்பத் திறந்தாள். அவளுக்காக வண்டி காத்துக் கிடந்தது. ஒரு மாசத்தில் தானாகவே நின்றுவிட்டாள்.

இப்போது கடலூர் பக்கம் குடிகாட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் பார்க்கப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். நான் இருக்கும்போதே மீன்காரம்மா நண்டு கொண்டுவந்தாள். அஞ்சலை கூடையைத் தொடவில்லை.

"எனக்கு வெரல்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது அண்ணி. நீங்களே பாருங்க."

நான் அமுக்கி அமுக்கி எடுத்து வைத்தேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"எவ்ளோ சுருக்கா பாக்குறீங்க அண்ணி. உங்க கை யாருக்கும் வராது."

என் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அவளைப் பார்க்க மறுபடியும் போகப்போகிறேன். பாவத்தைச் சொல்லவா? இல்லை... அந்த வார்த்தையை அவள் வாயால் இன்னொரு தரம் கேட்க.