அக்காவின் பக்கம் பதியவில்லை

எங்கள் அலுவலகத்தில் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். ஹெட்போன் இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது. அடுத்த மேசையில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவள் நான், எனக்குத் தெரியாதா?

போன வருடம் மேலாளர் அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். ஃபோனில் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக்கித் தரும் ஆப். கேட்க எளிதுதான். ஆனால் அழைப்பில் வரும் குரலை வேறு எந்த ஆப்பும் தொடக் கூடாது என்று ஃபோனே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. மைக்கில் பிடித்தால் நம் குரல் மட்டும் பதியும். எதிர்முனையில் பேசுவது பதியாது. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் விழும், ஆனால் ஊரே கேட்கும் என்று மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் மூன்று மாதம் மல்லுக்கட்டினார்.

சோதிக்க எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டுமே. அவருடைய அக்கா அகப்பட்டார். தனியாக இருப்பவர், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார். ஒரு கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றும் மங்கிக்கொண்டு வந்தது. மருத்துவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காதுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அப்படியிருந்தும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அக்காவைக் கூப்பிட்டு, "ஒண்ணு ரெண்டு மூணு, நீ பாட்டுக்குப் பேசிட்டே இரு" என்று சொல்லிவிட்டுத் திரையில் ஓடும் ஒலி அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு புதன்கிழமை மதியம், பழைய பதிவுகளை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அக்காவோடு பேசிய, ஆறு நாள் முந்தைய பதிவு. அவர் குரல் மட்டும்தான் இருந்தது. ம், ம், சரி, அப்படியா. நான்கு நிமிடம் கழித்து, "நல்லது நல்லது. வச்சிடு, எனக்கு வேலை இருக்கு."

"எதுக்கு நல்லதுன்னு சொன்னேன்னே தெரியல" என்றார். முகம் வெளுத்திருந்தது.

கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். உடனே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அக்கா எடுத்ததுமே, அவராகவே ஒண்ணு ரெண்டு மூணு என்று ஆரம்பித்தார்.

"டெஸ்ட் இல்லக்கா. அன்னிக்கு நீ என்ன சொன்ன?"

அக்கா சாதாரணமாகச் சொன்னார். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷனாம். பார்வை தங்கினாலும் தங்கும், போனாலும் போகும் என்றாராம் மருத்துவர். கூட ஓர் ஆள் வர வேண்டுமாம். "நீ நல்லதுன்னு சொல்லி வச்சிட்ட. சரி, உனக்கு வேலைபோலன்னு பக்கத்து வீட்டம்மாவ வரச் சொல்லியிருக்கேன்."

காது எல்லார் முன்னாலும் அழுதார்.

"அவங்க வேண்டாம்கா. நான் இப்பவே கிளம்பி வரேன்."

 "டேய், இது பதிவாகுதா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"எனக்கு பயமா இருக்குடா."