ஒன்பது சீட்டு

அந்த விளம்பர ஆபீஸில் பத்து வருஷமாகப் போஸ்டர் வடிவமைப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் மிளகாய். முதலாளியிடமே வாய்க்கு வாய் பேசுவாள். குடும்ப வன்முறை விழிப்புணர்வுப் போஸ்டருக்கு, மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண்ணைப் போடச் சொன்னார் அவர்.

"அடி வாங்குறவளுக்கு அழத் தெரியும் சார். போன் நம்பர்தான் தெரியாது" என்று எரிந்து விழுந்தாள்.

உதவி எண்ணைப் போஸ்டரின் அடியில் பத்துச் சீட்டுகளாக அச்சிட்டு, சத்தமில்லாமல் கிழித்துக்கொள்ள வாகாக இடையிடையே வெட்டிவிட்டாள். மாதிரியைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அங்கே போவது இரண்டே பேர்: அவளும், வரவேற்பில் உட்காரும் முதலாளியின் மனைவியும்.

"நம்ம ஆபீஸ்ல இது யாருக்கு?" என்று முதலாளி சிரித்தார்.

மறுநாள் வாடிக்கையாளரிடம் காட்ட அவர் கேட்டபோது கழற்றிக்கொண்டு வந்தாள். சீட்டு ஒன்பதுதான் இருந்தது.

"எந்தக் கழுதை கிழிச்சது?" என்று வரவேற்பில் நின்று கத்தினார் முதலாளி.

முதலாளியின் மனைவி கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். மிளகாய் அதைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

"கல்யாணமே ஆகாத உனக்கு எதுக்கு?"

"உங்ககிட்ட வேலை பாக்குறேனே சார். எப்ப வேணா தேவைப்படும்."