கேட்காத ஒலிகளின் கொப்பி

நீல அட்டை போட்ட அந்தக் கொப்பி இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் எறிந்துவிடலாம் என்று எடுப்பேன். பிறகு ஏதோ பயத்தில் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். அதிலுள்ள குண்டு குண்டான கையெழுத்து கிளாக்கர் ஐயாவுடையது. நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு எழுதியே தலை நரைத்தவர். காலையில் வேலைக்கு வந்தவர் பேருக்கு நேரே ஒரு கோடு, வராதவருக்கு ஒரு புள்ளி, அதுதான் அவர் வேலை. ஓய்வுபெற்ற பின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்தவரை, தொண்ணூறுகளின் கடைசியில், நான் வேலை பார்த்த ஆய்வுக்குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான்.

எம்பிலிப்பிட்டியவுக்கு அருகில் ஒரு பெரிய குளம். தண்ணீருக்கடியில் அனுப்பும் ஒலி எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தேய்ந்துபோகும் என்று அளந்து, அதற்கொரு புள்ளிவிபர மாதிரி செய்வது என் பொறுப்பு. ஒரு படகிலிருந்து நாங்கள் ஒலி அனுப்புவோம். தூரத்துப் படகில் ஐயா ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வந்து சேர்ந்த ஒலியின் பலத்தை மீட்டரில் பார்த்து எழுதுவார். வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகி ஒலியை வளைத்துவிடும். பல ஒலிகள் போய்ச் சேராது. முதல் நாளே அவர் கேட்டார்: "கேக்காததுக்கு என்ன போடணும், மகள்?" எனக்குப் படகைக் கிளப்பும் அவசரம். "வந்தத மட்டும் எழுதுங்க ஐயா, போதும்" என்றேன்.

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. தொலைந்ததை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த பலமான ஒலிகளுக்கு மட்டும் சராசரி எடுத்தால் இழப்பு குறைவாகத்தானே தெரியும்? பட்டம் வாங்கிய எனக்கு அது உறைக்கவில்லை. வரைபடம் வழவழவென்று வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வரைபடத்தை நம்பித்தான், மதகைப் பார்க்கக் குளத்துக்கடியில் இறங்கிய சுழியோடித் தம்பி ஒருவனுக்கு இடுப்பில் கயிறு கட்டாமல் உதவி கேட்டு ஒலி அனுப்பும் கருவியை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

படகிலிருந்த கருவியில் சத்தமே இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று நாங்கள் படகில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனோ கீழே பழைய மீன்வலையில் கால் சிக்கி, உதவிப் பொத்தானை மூன்று தரம் அழுத்தியிருக்கிறான். கடைசியில் வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டு தானாகவே மேலே வந்தான். மூக்கில் ரத்தம். "கேட்கவில்லையா அக்கா?" என்று சிங்களத்தில் என்னைத்தான் கேட்டான்.

ஆய்வுக்குழுவின் பொறுப்பாளர் கொப்பியைப் புரட்டி, கேட்காத ஒலிகள் எங்கே என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஐயா என்னை ஒரு தரம் பார்த்தார். "எழுதினது நான்தானுங்க சார். தோட்டத்துப் பழக்கம், வந்தவுங்கள மட்டும்தான் குறிப்போம்" என்றார். மறுநாளிலிருந்து அவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெல்மதுளை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோதும் அவர் முகத்தில் கோபம் இல்லை. "அந்தப் பையன் பொழச்சிட்டான்ல மகள், அது போதும்" என்றார்.

சில நாள் கழித்துக் கொப்பியை ஜன்னலோரம் விரித்தேன். பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். அழுக்கு என்று நினைத்து முன்பு நான் தாண்டிப் போனவை. கேட்காத ஒவ்வொரு ஒலிக்கும், நான் வேண்டாமென்று சொன்ன பிறகும், அவர் விடாமல் புள்ளி வைத்திருக்கிறார். அன்று பொறுப்பாளருக்கு அந்த ஓரத்தைச் சுட்டிக் காட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார், நான் மாட்டியிருப்பேன். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் மாதிரியைத் திருத்தினேன். அறிக்கை என் பெயரில் வெளிவந்தது. யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

ஐயா உயிரோடுதான் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பஸ்ஸில் அரை நாள் பயணம். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய், புள்ளிகளைக் கண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று துணிமணிகூட எடுத்து வைப்பேன். பிறகு ஏதாவது ஒரு வேலையைச் சாக்குச் சொல்லி நின்றுவிடுவேன். இன்றும் கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு லாச்சியில் வைத்துப் பூட்டினேன். நான் வராத பொங்கல்களுக்கும் அவர் எங்கேயாவது புள்ளி வைத்திருப்பார்.