மழையை விழுங்கிய யானை

கணவர் இறந்த சில வருடங்களில் நாங்கள் வாழும் மராட்டிய நகரத்தின் கோந்த்வா பகுதியில் ஒரு பெரிய பொதுப் பூங்கா கட்டும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. குழந்தைக் கதைகளை வைத்து விளையாட்டுத் திடல் அமைக்க வேண்டும். வடிவமைப்பு என் பொறுப்பு. ஓரங்களில் எல்லோருக்கும் தெரிந்த கதைகளை வைத்தேன். நடுவில் மட்டும், யாரையும் கேட்காமல், மழையை விழுங்கிய யானையை வரைந்தேன்.

அது அவர் எங்கள் மகளுக்காகக் கட்டிய கதை. சோறு ஊட்டும்போது தினமும் கொஞ்சம் சொல்வார். ஊர் மழையையெல்லாம் ஒரு யானை குடித்துவிடுகிறது. அதை மீட்க ஒரு சிறுமி தும்பிக்கை வழியாக வயிற்றுக்குள் போகிறாள். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே நான் கேட்டது அவ்வளவுதான்.

வரைபடத்தைப் பார்த்த பொறியாளர் இந்தியில் கேட்டார்: உள்ளே போகிற குழந்தைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?

அன்று மாலை மகளிடம் கேட்டேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"கண்ணு, அப்பா சொன்ன யானைக் கதைல அந்தப் பொண்ணு எப்படி வெளிய வந்தா?"

"எந்த யானை?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். புதுக்கதை கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"யாத் இல்லம்மா." ஞாபகம் என்ற சொல் அவளுக்கு வருவதில்லை. சற்றுப் பொறுத்து, "அப்பா வாய்ஸ்கூட யாத் இல்ல. கோபமா?" என்றாள்.

"இல்லடா" என்று போனில் இருந்த பழைய வீடியோவைப் போட்டேன். அவளுடைய பிறந்தநாள் அன்று, கேக் வெட்ட எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் சுளித்துக் கவனித்தாள்.

"யாரோ அங்கிள் பேசற மாதிரி இருக்கு."

நான் அடுப்பை அணைக்கப் போவதுபோல எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் யானையின் காதிலிருந்து ஒரு சறுக்குமரத்தை வரைந்து கொடுத்தேன். பொறியாளருக்குப் பிடித்துவிட்டது. என் கணவர் அப்படியா முடித்திருப்பார் என்று கேட்க இனி ஆளில்லை.

திறப்பு நாளன்று மகள் சலிக்காமல் சறுக்கினாள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் நானும் குனிந்து உள்ளே ஏறினேன். வயிற்றுக்குள் பெயிண்ட் வாசனை. வெளியே குழந்தைகளின் கூச்சல் தூரத்தில் கேட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது.

பின்னாலிருந்து ஒரு சிறுமி முதுகைத் தட்டினாள். "காகூ, புடே சலா நா!" ஆன்ட்டி, முன்னால் போங்களேன் என்று மராத்தியில் அவசரப்படுத்தினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டேன்.