பதில் வேட்டு

ரீபா அக்காவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. பலூன் உடைந்தாலே தோளைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, சத்தத்தை அளக்கிற வேலை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கல்குவாரி, ஜெனரேட்டர், கல்யாண மண்டப ஸ்பீக்கர், போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுகிற மைதானம் என்று எங்கே காது கிழிகிறதோ, அங்கே முக்காலியை நட்டு அதன் தலையில் மைக்கை மாட்டிவிட்டு நிற்பாள்.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதனாலதான் எண்ணிச் சொல்லிட்டு வெடிக்கச் சொல்லுவேன்."

களக்காட்டுக்கு மேற்கே எங்கள் வாழைத்தோட்டத்துக்கு அவள் வந்தது என் அப்பாவால். காட்டோரத்தில் ஒரு மிளா மான் செத்துக் கிடந்தது. உடம்பில் ஈயக் குண்டு. யார் சுட்டது என்று குண்டில் எழுதியிருக்கவில்லை. ஆனால் காட்டிலாகா மரத்தில் கட்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவியில், அன்று சாயங்காலம் எங்கள் பக்கமிருந்து ஒரு வெடி பதிவாகியிருந்தது. அப்பா பலவேசம், பன்றி விரட்டக் குழாய் வேட்டுப் போட்டதை ஒளிக்காமல் சொன்னார். பிளாஸ்டிக் குழாய்க்குள் கார்பைட் கல்லும் தண்ணீரும் போட்டு லைட்டரைத் தட்டினால் 'டொம்'. எங்கள் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் அது உண்டு.

ரேஞ்சர் திருஞானசம்பந்தம் நம்பவில்லை, அக்காவை வரவழைத்தார். "குழாயா துப்பாக்கியான்னு மெஷின் சொல்லட்டும். துப்பாக்கின்னா நீரு உள்ளதான் வே."

அதிலிருந்து அப்பா சோற்றைப் பிசைவார், வாயில் வைக்க மாட்டார். வழக்கமாக அவர் செருப்பை ஒளித்துவைத்துத் தேடவிடுவேன். அந்த வாரம் அதைத் துடைத்து வாசலில் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை, நல்ல காலம்.

அக்கா அந்தப் பதிவை மடிக்கணினியில் ஓடவிட்டாள். சத்தம் மேடும் பள்ளமுமாகக் கோடாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்கக் கழுத்துச் சிலுவையைப் பல்லில் கடித்தாள்.

"என்னக்கா?"

"மைக்கு தாங்குத அளவைத் தாண்டிருச்சு ட்டீ. உச்சியெல்லாம் வெட்டுப்பட்டு மொட்டையா நிக்கி."

திருச்செந்தூரில் முடியிறக்கிய அண்ணன் தம்பியைப் பின்னாலிருந்து பார்த்த கதைதான். எவன் அண்ணன், எவன் தம்பி? எது துப்பாக்கி, எது குழாய்?

"அப்ப துப்பாக்கி இல்லேன்னு எழுதிருங்களேன்."

"தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்." சிலுவையை வாயிலிருந்து எடுத்தாள். "இதை வச்சு துப்பாக்கின்னும் எழுத மாட்டேன்."

பாதி ஆறுதல். பாதி ஆறுதலைத் தலைக்கு வைத்துத் தூங்க முடியாது.

அவள் கேட்டபடி மறுநாள் சாயங்காலம் சோதனை. அதே மரம், அதே கருவி, பக்கத்தில் அவளுடைய சொந்த மைக். ஒரு போலீஸ்காரர் எங்கள் வரப்பிலிருந்து நாட்டுத் துப்பாக்கியால் மண்மேட்டைச் சுடுவார். பிறகு அப்பா குழாயை வெடிப்பார். வேறு எவனும் வேட்டுப் போடக் கூடாது, மோட்டார்கூட ஓடக் கூடாது என்று ரேஞ்சர் தோட்டம் தோட்டமாகச் சொல்லியிருந்தார்.

துப்பாக்கி வெடித்தது. அக்கா காதடைப்பை அழுத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. அப்புறம் அமைதி.

அப்பா குழாயைத் தூக்கினார். லைட்டரைத் தட்டினார், பற்றவில்லை.

"நடிக்காதேயும் வே" என்றார் ரேஞ்சர்.

திரும்பத் தட்டினார். டொம். மலை திருப்பிச் சொன்னது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் கீழ்த்தோட்டத்திலிருந்து இன்னொரு டொம்.

"எவம்லே அது?" என்று ரேஞ்சர் கத்தினார்.

கீழ்த்தோட்டத்து அருமைநாயகம் அண்ணாச்சி குழாயும் கையுமாக ஓடி வந்தார். "மன்னிச்சிருங்க சார், கை பழகிப்போச்சு. பலவேசம் போட்டா நான் போடணும். இல்லேன்னா இங்கன விரட்டுன பன்னி பூரா என் வாழைக்குள்ளல்லா வந்து நிக்கும்!"

"சோதனையைக் கெடுத்துட்டீரே வே!"

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியின் குழாயைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போடலாமா என்று எனக்கு வந்தது.

அக்கா கையைத் தூக்கி எங்களை அடக்கினாள். பழைய பதிவை எடுத்தாள். மொட்டை வெடி. அதன் பின்னால் மலையின் எதிரொலி. அதற்கும் பின்னால் சின்னதாக ஒரு மேடு. அதையும் எதிரொலி என்றே எல்லோரும் விட்டிருந்தார்கள், அவளும்தான். இன்றைய துப்பாக்கிப் பதிவில் அந்தக் கடைசி மேடு இல்லை. குழாய்ப் பதிவில், அதே தூரத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கும் பதில் வேட்டுப் போட்டீங்களா?"

"போடாம? தெனமும்லா போடுதேன்."

"ஏன் வே முன்னாடியே சொல்லல?" என்றார் ரேஞ்சர்.

"நானும் வெடிச்சேன்னு நானா வந்து சொன்னா, என்னையும்லா சேத்து உள்ள வைப்பீங்க!"

"துப்பாக்கியக் கேட்டும் போட்டிருக்கலாம்லா?"

"இப்பச் சுட்டாவளே, போட்டேனா? அது சள்ளுன்னு அறையும். குழாய் வயித்துல குத்தும். துப்பாக்கிக்கு எவன் சார் பதில் சொல்லுவான்? கதவைல்லா சாத்துவான்!"

ரேஞ்சர் திரையை எட்டிப் பார்த்தார். அக்காவுக்கோ ஒரு தடவை போதவில்லை. அண்ணாச்சியைக் கீழ்த்தோட்டத்துக்கே திருப்பி அனுப்பி, துப்பாக்கி, குழாய், துப்பாக்கி, குழாய் என்று மாற்றி மாற்றி வெடிக்கவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினாள். ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் நான் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு குழாய்க்கும் அந்த மேடு வந்தது, துப்பாக்கிக்கு வரவேயில்லை.

"குழாய் வேட்டோடதான் ஒத்துப்போகுது சார். அப்படித்தான் எழுதுவேன்."

"அப்ப மிளாவைச் சுட்டது யாரு?"

"அது இந்தப் பதிவுல இல்ல."

ரேஞ்சர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். "பலவேசம், நாளைக்கு விசாரணைக்கு ஆபீசுக்கு வராண்டாம்."

வெயில் இறங்கிவிட்டது. அக்கா காதடைப்பைக் கழற்றிவிட்டு வயரைச் சுருட்டினாள். அப்பா பையக் கேட்டார்: "தாயி, பன்னி எறங்குத நேரம். போடட்டா?"

"எண்ணிச் சொல்லுட்டீ" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காதைப் பொத்தினாள். ரெண்டிலேயே வெடிக்கச் சொல்லி அவளைத் துள்ளவைக்க நாக்கு துறுதுறுத்தது. ஒழுங்காக மூன்று வரை எண்ணினேன். டொம்.

கீழ்த்தோட்டத்திலிருந்து வேட்டு வரவில்லை. அண்ணாச்சியின் பயந்த குரல்தான் வந்தது: "சார்... நான் போடலாமா?"